ஆயுதபூசைப் படத்தில் அத்தா

1

கோவையிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பெட்டிகளைப் பிரித்து, பருப்புப் பொடியையும் அரப்புத் தூளையும் அலமாரியில் அடுக்கி, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். எய்ந்தோவனில் விடாத தூறல். நெதர்லாந்துக்காரர்கள் நாள் முழுக்க மழையைப் பற்றியே பேசுவார்கள், ஆனால் குடை எடுத்துப் போக மாட்டார்கள். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன், இது மட்டும் எனக்குப் புரிந்ததே இல்லை.

இப்போது அதைவிடப் புரியாத ஒன்றை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கோவையில் ஓர் அருங்காட்சியகத்தின் சுவரில் எட்டுப் பேர் நிற்கிற பழைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் என் அத்தாவா இல்லையா என்பதுதான் விஷயம். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். பெற்ற தகப்பனை அடையாளம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அத்தா மவுத்தாகி ஆறு வருடம் ஆகிவிட்டது. அவரிடமே கேட்டாலும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றியிருப்பார். அது இன்னும் எரிச்சலாக இருந்திருக்கும்.

2

எங்கள் வீடு கோட்டைமேட்டில். அத்தா உக்கடத்துப் பக்கம் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை பார்த்தார். மதுக்கரை, அன்னூர், தூரத்தில் பெருந்துறையிலிருந்துகூட விவசாயிகள் கருகிப்போன கிணற்று மோட்டாரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அத்தா பழைய தாமிரக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுக் கணக்கு பிசகாமல் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பார். வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வார்னிஷ் வாசம் போகாது.

அவருக்குப் புகைப்படம் ஆகாது. உருவப்படம் இருக்கிற வீட்டில் மலக்குகள், அதாவது வானவர்கள், நுழைய மாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படி இல்லை. பக்கத்து வீட்டில் கல்யாண ஆல்பத்தை டீப்பாய் மேலேயே வைத்திருப்பார்கள், வந்தவர்கள் எல்லாம் புரட்டுவார்கள். எங்கள் வீட்டில் காலண்டரில்கூடத் தேதி மட்டும்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், படம் வேண்டாம் என்று அத்தா யாரிடமும் சொன்னதே இல்லை. அவர் கோயமுத்தூர்க்காரர். முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்வது எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். கேமராக்காரர் கூப்பிட்டால் "வாரனுங்க" என்பார். அவர் கேமராவைச் சரிசெய்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் இருக்க மாட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். என் நிக்காஹ் ஆல்பத்தில் ஊரே இருக்கிறது, அத்தா இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது. மீதி ஆள் அந்த நேரத்தில் பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் நின்று தம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்ததாம். சமையல்காரர் பிறகு சொன்னார்.

அவருக்கென்று இருக்கிற ஒரே படம் ஹஜ்ஜுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்தபோது எடுத்தது. அரசாங்கத்திடம் வாரனுங்க என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது. அறுபதைத் தாண்டிய முகம், வெள்ளைத் தாடி. சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோவில் சொல்லியிருப்பார்கள் போல, விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். அது என் கைபேசியில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒரு கண்டிப்பான பெரியவர் என்னை முறைப்பதுபோல இருக்கும். என் அத்தா கண்டிப்பானவரே இல்லை.

எனக்கு அவரை நன்றாகத் தெரிந்தது பின்பக்கத்திலிருந்துதான். அவருடைய சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் பல வருடம் பள்ளிக்கூடம் போனேன். அந்தப் பிடரியையும் சட்டைக் காலரின் நைந்த ஓரத்தையும் இன்றைக்கும் வரைந்து காட்டிவிடுவேன். முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மூக்கு நினைவுக்கு வந்தால் கண் வருவதில்லை, கண் வந்தால் அது பாஸ்போர்ட் படத்துக் கண்ணாக இருக்கிறது. இதை என் மகள் ஆயிஷாவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன், அதுவும் டச்சு மொழியில். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. பெற்ற தகப்பனின் முகம் மறக்கிறது என்று எந்த மகள் தமிழில் சொல்வாள்?

3

இந்த ஊர்க்காரர்கள் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். வந்த புதிதில் உடன் வேலை பார்க்கிற மாரிக்கா வெள்ளிக்கிழமை சாப்பிட வருகிறாயா என்று கேட்டாள். எனக்குப் போக இஷ்டமில்லை. பார்க்கலாம் என்று சொன்னேன். கோவையில் யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவள் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்து, ஏழு மணி வரை காத்திருந்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். இன்றைக்கும் ஆயிஷா இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வாள். அவளுக்குப் பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். அம்மாவுக்கு வேண்டாம் என்பதற்கான 'நே' என்கிற ஒரே எழுத்தைச் சொல்ல வரவில்லை என்று அவளுடைய சிநேகிதிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

இன்னொரு குழப்பம் பெயர். எனக்கு மும்தாஜ் என்று பெயர். முன்னால் அத்தா பெயரின் எழுத்து ஒன்று, அவ்வளவுதான். நகராட்சி அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது என்று அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னாள். அந்த எழுத்தை விரித்து அத்தா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து பல் டாக்டர் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நான் 'மேவ்ரவ் ரகீம்'. ரகீம் அம்மாள். யாராவது கூப்பிட்டால் முதல் நொடி அத்தா பக்கத்தில் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

அவர் மவுத்தான செய்தி எனக்கு ஒரு காலை நேரம் அலுவலகத்தில் வந்தது. எங்களில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள், தூரத்திலிருக்கும் மகளுக்காக வைத்திருக்க மாட்டார்கள். எந்த விமானத்தைப் பிடித்தாலும் ஒரு நாள் பிந்திவிடும். அண்ணன் ஜமால் மறுபடி கூப்பிட்டு, ஜனாஸாவை எடுக்கப் போகிறோம், வீடியோவில் அத்தா முகத்தைக் காட்டட்டுமா என்று கேட்டார். அத்தாவுக்குப் பிடிக்காதே என்று அவரே தயங்கவும் செய்தார்.

எனக்குப் பார்க்க வேண்டும். அவ்வளவு பார்க்க வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்தது என்னவோ, "உங்களுக்கு எது சரின்னு படுதோ அப்படியே செய்யுங்கண்ணா." அவர் சரி என்று போனை வைத்துவிட்டார். ஆறு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்து என் மேலேயே எனக்குக் கோபம்.

4

போன மார்ச்சில் ஒரு நாள் அண்ணனிடமிருந்து படம் ஒன்று வந்தது. ஜமால் அண்ணன் கோவையிலேயே மின்சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் கடைக்கு வந்த ஒருவர், பழைய பஞ்சாலைக் கட்டடம் ஒன்றில் புதிதாக ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், ஊரின் தொழில் வரலாறு எல்லாம் வைத்திருக்கிறார்கள், உங்கள் அத்தா இருந்த பட்டறையின் படம்கூட இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மறுநாளே போய்க் கைபேசியில் எடுத்து அனுப்பிவிட்டார். கீழே ஒரே வரி: இடமிருந்து நாலாவது ஆள் அத்தா மாதிரி இருக்குது.

நான் அந்த நாலாவது ஆளைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். கடைசியில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் மிஞ்சின. ஜூலை விடுமுறைக்குப் போனதும் நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா, அண்ணன், நான், ஆயிஷா, நான்கு பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம்.

அம்மாவுக்கு முதலிலிருந்தே இஷ்டமில்லை. அதைச் சொல்லவும் இல்லை. கால் வலி என்றார், வெயில் என்றார், நீங்கள் போய்விட்டு வந்து சொல்லுங்கள் என்றார். அண்ணன் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம், காரைக் கொண்டுவந்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

உள்ளே நல்ல குளிர்ச்சி. பருத்தி அரைக்கிற எந்திரம், முதன்முதலாக வந்த கிரைண்டர்கள், பலவகைக் கிணற்று மோட்டார்கள் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். ஆயிஷா அவள் பள்ளியில் பழக்கியபடி ஒவ்வொரு பலகையையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாசித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் எதையும் பார்க்காமல் மூன்றாவது கூடத்துக்கு ஓட்டமாக ஓடினார். அம்மா நடுவில் எங்கேயாவது உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தார். நான் யார் பின்னால் போவது என்று தெரியாமல் மோட்டார்களுக்கு நடுவே நின்றேன்.

படம் நாங்கள் நினைத்ததைவிடப் பெரியது. பட்டறை வாசலில் எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் சந்தனமும் குங்குமமும் வைத்த மூன்று மோட்டார்கள், வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய். கீழே பலகையில், மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை, ஆயுதபூசை நாள், படத்தில் இருப்பவர்கள் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. தெரிந்தவர்கள் அலுவலகத்தில் சொல்லவும் என்று இன்னொரு வரி.

இடமிருந்து நாலாவது ஆளுக்குக் கால் தெளிவு, வேட்டி தெளிவு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கையும் தெளிவு. கழுத்துக்கு மேலே ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. படம் எடுக்கிற நேரத்தில் தலையை வெடுக்கென்று திருப்பியிருக்கிறார்.

"வேற யாரு திருப்புவாங்க?" என்றார் அண்ணன். "மொதலாளி கூப்பிட்டிருப்பாரு. நிக்காம இருக்க முடியாது. நின்னுபோட்டு, கடேசியில தலையத் திருப்பிட்டாரு. நம்ம அத்தாவேதான்."

அம்மா படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இது உங்கத்தா இல்ல" என்றார்.

பட்டறையில் ஆயுதபூசை எப்படி நடக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே அத்தா தன் கம்பி சுற்றுகிற மெஷினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து வைத்துவிடுவார். பூசை நடக்கும்போது வாசலுக்கு வெளியே நிற்பார். முதலாளி கவுண்டர் பொரி, கடலையைப் படைப்பதற்கு முன்பே பாய்க்கு என்று ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி வைத்திருப்பார். அதைத் தானே வந்து கையில் கொடுப்பார். இருவருக்கும் சங்கடம் இல்லை. அத்தா அதை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவார், நாங்கள் வெல்லம் போட்டுச் சாப்பிடுவோம்.

"பன்னண்டு மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துருவாரு" என்றார் அம்மா. "போட்டோ எடுக்கறதுக்கு முந்தியே பொறப்பட்டுட்டேன்னு வருசா வருசம் சொல்லுவாரு. கதவு தொறந்துவிட்டது நானு. எனக்குத் தெரியாதா?"

அண்ணன் சட்டைக் கையைக் காட்டினார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் மடிப்பார்கள் என்றார் அம்மா. அண்ணன் நிற்கிற தோரணையைக் காட்டினார். உன் அத்தா தோள் இப்படி இருக்காது என்றார் அம்மா. நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணன் பேசும்போது அது அத்தாவாகத் தெரிந்தது, அம்மா பேசும்போது யாரோவாகத் தெரிந்தது.

அதுவரை பலகைகளை வாசித்துக்கொண்டிருந்த ஆயிஷா வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் பாட்டியிடம் நேராகவே கேட்டாள். பாட்டியை நன்னி என்பாள், தாத்தாவை நன்னா என்பாள். "நன்னி, இது நன்னா ஆமாவா, இல்லையா?"

"இல்ல கண்ணு" என்றார் அம்மா. ஆனால் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

5

சத்தம் கேட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். காயத்ரி என்று பெயர், ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறவள். பட்டறை முதலாளியின் மகன்தான் பழைய படங்களைக் கொடுத்தாராம், அவருக்கும் வேலையாட்களின் பெயர் தெரியவில்லையாம். ஒருவர் பெயராவது கிடைத்தால் பலகையில் போட்டுவிடலாம் என்று ஆசையாகச் சொல்லி, ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள்.

பெயர், தகவல் தருபவருக்கு என்ன உறவு, படத்தில் இடமிருந்து எத்தனையாவது ஆள், சாட்சிக் கையெழுத்து. முகவரிக்குக் கீழே அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு கட்டம். எங்கள் எய்ந்தோவன் குறியீடு நான்கு எண்ணும் இரண்டு எழுத்துமாக அதில் சரியாக உட்கார்ந்துகொண்டது. அந்தப் படிவத்தில் எனக்குச் சிக்கலில்லாமல் நிரப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

"நீங்க சொல்லுங்க மேடம், இவரு உங்க அப்பாங்களா?" என்று காயத்ரி என்னைப் பார்த்துக் கேட்டாள். அண்ணனும் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள்.

என்ன சொல்வது? ஆமாம் என்றால் அத்தா அம்மாவிடம் வருடா வருடம் சொன்னது பொய் என்றாகிவிடும். அம்மா கதவு திறந்துவிட்ட அத்தனை மதியங்களையும் நான் சந்தேகப்படுவதாக ஆகும். இல்லை என்றால் நான் வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டும். இத்தனைக்கும் அந்தப் படத்தில் முகமே இல்லை. முகம் இல்லாத ஒருவருக்காக நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்றும் விளங்கவில்லை. வழக்கம்போல மென்று முழுங்கினேன்.

என் நிலையைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். காயத்ரி சொன்னாள், "இதே நாள் எடுத்த இன்னொரு போட்டோ ஃபைல்ல இருக்குங்க. இதுல ஒருத்தரு அசைஞ்சுட்டாருன்னு திரும்ப எடுத்திருப்பாங்க போல. அது சின்னது, மூலையில கிழிஞ்சும் இருக்குது. அதனால மாட்டல. ஆனா அதுல எல்லாரும் தெளிவா இருப்பாங்க. எடுத்துட்டு வரட்டுங்களா?"

அம்மா எதற்கு வீண் சிரமம் என்று தொடங்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன், கொண்டு வாருங்கள் என்று. எனக்குப் பார்க்க வேண்டும் என்று. என் வாயிலிருந்து அப்படி நேராக ஒரு வார்த்தை வந்ததில் எல்லோரையும்விட எனக்குத்தான் திகைப்பு.

அவள் போய்த் தேடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுவரோரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். தைரியம் வந்த சூட்டோடு அண்ணனிடம் அதையும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கும் எனக்குப் பாக்கணும்னுதாண்ணா இருந்துச்சு."

அவருக்கு எந்த அன்றைக்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "நானும் போனை அவரு பக்கத்துல வரைக்கும் கொண்டு போயிட்டேன் புள்ள" என்றார். "நீ என்னோட இஷ்டத்துக்கு உட்டதும், உனக்குப் பாக்க மனசில்ல போலன்னு நெனச்சுபோட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அருங்காட்சியகத்தில், பருத்தி எந்திரங்களுக்கு நடுவில், மூக்கைச் சிந்திக்கொண்டு. இரண்டு பேரும் ஒன்றையேதான் நினைத்திருக்கிறோம், இரண்டு பேரும் மற்றவருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறோம். இந்த மரியாதையைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் போடுவது?

அம்மா ஏன் புள்ள அழுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பழக்கம் எங்கே போகும்? ஆயிஷா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாரிக்கா வைத்த தட்டைச் சொல்லிக் கேலி செய்யும்போது பார்க்கிற அதே பார்வை. பிறகு அவள் நன்னியின் பக்கம் திரும்பி, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

"அம்மாக்கு நன்னா முகம் மறந்துபோச்சு. அதுக்கு அழறாங்க."

எனக்கு அவளை அங்கேயே அடித்துவிடலாமா என்றிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றும் இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யாமல், தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார். சின்ன வயதில் சளிக்குத் துடைப்பதுபோல, வலிக்க வலிக்க.

6

காயத்ரி ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். அண்ணன் கையை நீட்டினார். அம்மா எழுந்து, அவரை விலக்கிவிட்டு, தானே வாங்கிக்கொண்டார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சன்னல் வெளிச்சத்துக்குப் போய் உறையிலிருந்து படத்தை உருவினார். நாங்கள் மூன்று பேரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம்.

அதே வாசல், அதே மோட்டார்கள், அதே வாழைக்கன்று. எல்லா முகமும் கண்ணாடி மாதிரித் தெளிவு. நான் இடமிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதாக இருந்தவருக்கு மீசையும் வழுக்கையும் இருந்தது, அவர் யாரோ. மறுபடி எண்ணினேன். மொத்தமே ஏழு பேர்தான் இருந்தார்கள்.

மூன்றாவது ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் பட்டறைக் கதவு தெரிந்தது. கதவுக்குப் பின்னால் இருட்டு.

அண்ணன் துள்ளினார். பார்த்தீர்களா, முதல் படத்தில் இருந்தவர் இதில் இல்லை, இரண்டாவது தடவை எடுப்பதற்குள் நழுவிவிட்டார், இதைவிட என்ன வேண்டும் என்று காயத்ரியிடம் அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு படத்தில் ஆள் இருக்கிறார், முகம் இல்லை. இன்னொன்றில் எல்லோர் முகமும் இருக்கிறது, ஆள் இல்லை. நான் முகத்துக்காகத்தானே வந்தேன்? நல்ல ஏமாற்றம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் எனக்கு ஏமாற்றமாக இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அம்மா சுவரிலிருந்த பெரிய படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த படத்தில் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தா பாரு மும்தாஜு" என்றார். "இதுதான் உங்கத்தா."

பிறகு அந்த விரலை இரண்டு பக்கத்திலும் நின்ற ஆட்களின் தோள்மேல் மாறி மாறி வைத்துக் காட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. "வாரனுங்கன்னு சொல்லிட்டுத்தான் போயிருப்பாரு. இவிய ரெண்டு பேரும் அதை நம்பிட்டு எடம் உட்டு நிக்கறாங்க பாரு."

காயத்ரிக்குத் தர்மசங்கடம். படிவத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பெரிய படத்தில் நாலாவது ஆள் என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சுற்றி வளைக்காமல், கால் வலியைச் சொல்லாமல், வேண்டாம் என்று. இந்தச் சின்னப் படத்துக்கு எழுதச் சொன்னார். இதில் ஆளே இல்லையே, இடமிருந்து எத்தனையாவது என்று நான் எப்படி எழுதுவது என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அப்துல் ரகீம்னு பேரை எழுதிக்கங்க" என்றார் அம்மா. "மூணாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் நடுவுலன்னு போட்டுக்கங்க கண்ணு."

காயத்ரி அப்படியே எழுதினாள். கீழே சாட்சி என்று இருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.